கோஹா நூலக மென்பொருள்: எழுதி வாங்குவதா, ஆயத்தமாக எடுத்துக்கொள்வதா? ஓர் அரசு நூலகரின் மதிப்பீடு

தமிழ்நாட்டில் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் நூலகத்தை நான் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். முப்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தமிழ். பழைய நூலக மென்பொருளை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது எங்கள் நூலகக் குழுவில் இரண்டு கருத்துகள் எதிரெதிரே நின்றன. நம்முடைய விதிகளும் பதிவேடுகளும் தனி வகையானவை, ஆகவே நமக்கென்றே ஒரு மென்பொருளை எழுதி வாங்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. நூல் வாங்குவது, பதிவது, கொடுப்பது, திரும்பப் பெறுவது ஆகியவை எந்த நூலகத்திலும் ஒன்றுதான், ஆகவே பலர் கையாண்டு பழகிய ஆயத்த மென்பொருளையே எடுத்துக்கொள்ளலாம் என்றது மற்றொரு தரப்பு. நீண்ட விவாதத்துக்குப் பிறகு கோஹாவைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அன்றாடம் அதில் வேலை செய்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே கேள்வியைக் கையில் வைத்திருக்கும் நூலகர்களுக்கும், டெண்டர் ஆவணம் தயாரிக்கும் அலுவலர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் பழைய மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எங்களுக்கென்றே எழுதப்பட்டது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் உள்ளூர்ச் சிறு நிறுவனம் ஒன்று அதை விஷுவல் பேசிக் 6-இல் எழுதிக் கொடுத்தது. தரவு முழுவதும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு ஒன்றில் இருந்தது. அந்த வேலையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். எழுதிய இளைஞர் இரண்டு வாரம் எங்கள் கவுன்டரிலேயே உட்கார்ந்து, நாங்கள் என்ன செய்கிறோம், எதற்குத் தடுமாறுகிறோம் என்று பார்த்து எழுதினார். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்கும் அதே பத்திகளோடு, அதே வரிசையில், அகலத் தாளில், வந்துசேர்ந்த நூல்களை வரிசை எண்ணிட்டுக் குறிக்கும் சேர்க்கைப் பதிவேடு அச்சாகி வரும். தமிழ் நூற்பட்டியலை, தமிழ் அகராதிகளில் காண்பதுபோல, புள்ளி வைத்த எழுத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுத்து அது அடுக்கித் தந்தது. அந்த நுணுக்கத்தை அதன் பிறகு வந்த பெரிய மென்பொருள்கள் பலவற்றிலும் நான் காணவில்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் மூல நிரல் யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எழுதியவர் வெளியூர் போய்விட்டார். விஷுவல் பேசிக் 6-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இலேயே நிறுத்திவிட்டது. எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 7-க்கான ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்தது. புதிய கணினிகளில் எவ்வளவு முயன்றும் அதை ஏற்ற முடியாமல், ஒரே ஒரு பழைய கணினியை எட்டு வழிகளில் பழுதுபார்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை அதன் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஒலி எழுப்பத் தொடங்கியது. கோப்பை நகலெடுத்துவிட்டோம்; ஆனால் அதைத் திறப்பதற்கான கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, கொள்முதல் கோப்பின் கடைசித் தாளின் பின்புறத்தில், மங்கலான பென்சில் எழுத்தில் அது இருந்ததை எங்கள் நூலக உதவியாளர் கண்டுபிடித்தார். அந்தத் தாள் தொலைந்திருந்தால் இருபது ஆண்டு உழைப்பு ஒரு பெட்டிக்குள் பூட்டியபடியே போயிருக்கும். எழுதி வாங்கும் மென்பொருளைப் பற்றி நான் இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இரண்டு நாள்கள் இருக்கின்றன.

கோஹாவின் பிறப்பே இந்தக் கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதுவும் ஒரு நூலகத்துக்கென்றே எழுதி வாங்கப்பட்டதுதான். நியூசிலாந்தின் லெவின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையை, அதாவது ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த மென்பொருள்கள் 2000 பிறந்ததும் குழம்பும் சிக்கலைத் தாங்காது என்று தெரிந்தது. அப்போது சந்தையில் கிடைத்த ஆயத்த மென்பொருள்கள் அந்தச் சிறிய நூலகங்களுக்கு ஒத்துவரவில்லை. கிளைகளை இணைத்திருந்ததோ மோடம் வழியான தொலைபேசித் தொடர்பு. நூலகத் தலைவராக இருந்த ரோசலி பிளேக்கின் காலத்தில், கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் 1999-இல் உலாவியிலேயே இயங்கும்படி அதை எழுதியது. முதன்மையாக நிரல் எழுதியவர் கிறிஸ் கார்மக். 2000 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அத்தோடு நின்றிருந்தால் எங்கள் பழைய மென்பொருளின் கதைதான் அதற்கும் நேர்ந்திருக்கும். அவர்கள் அதை, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். பெற்றவர் பிறகு தாமும் ஒன்றைத் தருவார் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கும் கொடை என்பது அதன் பொருள்.

அந்தக் கொடையைப் பெற்றவர்கள் திருப்பித் தரவும் செய்தார்கள். இன்று ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வெளியாகிறது. 2016 மே மாதத்திலிருந்து ஆண்டையும் மாதத்தையும் கொண்டே பதிப்புக்கு எண் இடுகிறார்கள். துருக்கியின் பண்பாட்டு அமைச்சகம் தன் பொது நூலகங்களுக்கு இதையே எடுத்துக்கொண்டது. ஸ்பெயினின் பண்பாட்டு அமைச்சகம் இதை அடிப்படையாக வைத்து அரசு நூலகங்களுக்கான கோப்லி என்ற வடிவத்தை உருவாக்கியது. 2011-இல் கோஹா பயனர்களின் உலக மாநாடு மும்பையை அடுத்த தானேயில் நடந்தது. ஆக, எங்கள் குழுவில் எதிரெதிரே நின்ற இரு தரப்புக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது: ஒருவருக்காக எழுதப்பட்டு, ஆயிரம் பேர் கைபட்டு ஆயத்தமாகிவிட்ட, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள்.

பழைய தரவைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் எங்களுக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. எந்த விற்பனையாளரின் விலைப்புள்ளியிலும் இந்த வேலை அதன் உண்மையான அளவில் இடம்பெறவில்லை. எங்கள் தமிழ்த் தலைப்புகள் டேப் என்ற எழுத்துருக் குறியேற்றத்தில் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது; பிறகு 2010 ஜூனில் யூனிகோடும், தமிழுக்கென்றே வகுத்த டேஸ் 16 என்ற குறியேற்றமும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. பழைய குறியேற்றத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும்: 'கொடை' என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் முதலில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியும் வர வேண்டும். மாற்றிக் கொடுக்கும் நிரல்கள் இதைச் செய்துவிடும். ஆனால் ஔகாரத்தில் அவை வழுக்கின. பழைய முறையில் 'கௌ' என்பதைக் கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டுவார்கள்; நிரல் அந்த ளகரத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டு 'கெள' என்று மாற்றிவிட்டது. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. 'கௌரவம்' என்று சரியாகத் தட்டித் தேடும் வாசகருக்கு மட்டும் அந்த நூல் கிடைக்காது. பௌத்தம், மௌனம், சௌந்தரம் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் திருத்தினோம். கெளுத்தி, தெளிவு போன்று உண்மையாகவே ளகரம் வரும் சொற்கள் இருப்பதால் ஒரேயடியாக மாற்றவும் முடியாது. பத்தாயிரம் தமிழ்ப் பதிவுகளை மனிதக் கண்ணால் பார்த்து முடிக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. எழுதி வாங்கினாலும் ஆயத்தமாக வாங்கினாலும் இந்த ஏழு மாதங்களிலிருந்து தப்பியிருக்க முடியாது என்பதை இதே வழியில் வருபவர்கள் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். நூல் கொடுத்து வாங்கும் பகுதியில் கோஹாவின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. உறுப்பினர் அட்டையின் பார்கோடு, நூலின் பார்கோடு, அவ்வளவுதான்; நெரிசலான நேரத்திலும் வரிசை தேங்குவதில்லை. உறுப்பினர் வகைக்கும் நூல் வகைக்கும் ஏற்பத் தவணை நாள், தண்டத்தொகை, புதுப்பிக்கும் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் வைத்துவிடலாம். விடுமுறை நாள்களைக் காலண்டரில் குறித்துவிட்டால் தவணை நாள் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும். முன்பு பொங்கல் விடுமுறைக்குப் பிறகு கவுன்டரில் நடக்கும் தண்டத்தொகை வாக்குவாதம் இப்போது இல்லை. இதழ்ப் பகுதியும் நன்றாக இருக்கிறது. ஓர் இதழ் வார இதழா, மாத இதழா என்று சொல்லிவிட்டால் அடுத்து வர வேண்டிய இதழ்களை அதுவே கணித்துக் காட்டுகிறது. வராதவற்றுக்கு முகவருக்கு நினைவூட்டல் அனுப்பலாம். தீபாவளி மலர் போன்று வழக்கமான வரிசைக்கு வெளியே வருவதைக் கூடுதல் இதழாகச் சேர்க்கவும் இடம் இருக்கிறது.

நூல் விவரம் பதியும் பகுதி முதல் பார்வையில் மிரட்டும். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்துப் பதியும் மார்க் 21 முறையின் எண்களும் உட்பிரிவுக் குறிகளும் திரை முழுக்க நிற்கும். பழைய மென்பொருளில் எட்டுப் பெட்டிகளை நிரப்பிப் பழகிய எங்கள் ஊழியர்கள் முதல் மாதம் மிகவும் சோர்ந்துபோனார்கள். எங்களுக்குத் தேவைப்படும் புலங்களை மட்டும் வைத்து ஒரு சட்டகம் அமைத்த பிறகே வேலை ஓடத் தொடங்கியது. ஆங்கில நூல்களுக்கு வேறு நூலகங்களின் பதிவுகளை, நூலகக் கணினிகள் தமக்குள் தேடிப் பெற உதவும் இசட்39.50 என்ற நெறிமுறை வழியாக நொடியில் இறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூல்களுக்கு அந்த வசதி அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்து வரும் தமிழ்ப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கின்றன. அவற்றைத் தமிழில் மறுபடி தட்டியாக வேண்டும். பெயர்களும் அப்படித்தான். மார்க் முறை, பெயரில் குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. நம்மிடம் இருப்பது தந்தை பெயரின் முன்னெழுத்தும் தன் பெயரும். மு. வரதராசன் நூல்களை 'வரதராசன், மு.' என்று பதிந்து, 'மு. வ.' என்று தேடுபவரும் அங்கே வந்து சேரும்படி பெயர்க் கோப்பில் வழி காட்டி வைத்தோம். ஒரு முறை செய்துவிட்டால் அந்த ஆசிரியரின் எல்லா நூல்களுக்கும் அது போதும். இந்த நேர்த்தி பழைய மென்பொருளில் இருந்ததில்லை.

தமிழில் தேடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கோஹாவின் வழக்கமான தேடுபொறியான ஜீப்ராவை அதன் இயல்பான அமைப்பில் விட்டுவிட்டால், ரோமன் எழுத்து அல்லாத பதிவுகளில் தேடல் சரியாக நடக்காது. பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியூ என்ற அமைப்புக்கு மாற்றி, எல்லாப் பதிவுகளையும் மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். நிறுவிக் கொடுக்க வருபவரிடம் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். தமிழ் நூல் ஒன்றின் தலைப்பை அவர் முன்னாலேயே தட்டித் தேடிப் பாருங்கள். தமிழ் அகர வரிசை இன்னும் தீராத குறை. யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து நிற்கிறது, புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. அந்த எண்களை மட்டும் நம்பி அடுக்கும் எந்த மென்பொருளிலும் தமிழ் வரிசை குலைந்துதான் போகும். எங்கள் நிறுவலில் தேடல் விடைகளின் வரிசை இன்றளவும் முழுமையாகச் சரியாகவில்லை. பழைய மென்பொருளை எழுதிய அந்த இளைஞரை இந்த இடத்தில் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். கோஹாவின் திரைச்சொற்களுக்கான தமிழ் மொழிபெயர்ப்பும் முழுமையாக இல்லை. பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் காட்டி வாசகரைக் குழப்புவதைவிட, நூற்பட்டியலின் முகப்புச் சொற்களை மட்டும் நாங்களே தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

எழுதி வாங்குவதா, ஆயத்தமா என்ற கேள்வி உண்மையில் முடிவாவது அடுத்துச் சொல்லப்போகும் இடத்தில்தான். நிறுவலுக்கு முன் எங்கள் ஊழியர்கள் அனைவரும் சேர்ந்து, கோஹாவில் என்னென்ன மாற்றித் தர வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். முப்பத்தொரு கோரிக்கைகள் வந்தன. எல்லாவற்றையும் நிரலில் மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் பெரிய தொகைக்கு விலைப்புள்ளி கொடுத்தது. நாங்கள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தோம். பதினெட்டுக் கோரிக்கைகள் அமைப்புத் திரையில் ஒரு தேர்வை மாற்றினாலே தீர்ந்துவிடுபவை. எட்டு, பதிந்துள்ள தரவிலிருந்து அறிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. மூன்று கோரிக்கைகளுக்குக் காரணம் எங்களுக்கே தெரியவில்லை. பழைய மென்பொருள் அப்படிக் கேட்டது, ஆகவே நாங்களும் அப்படியே செய்துவந்தோம். அந்தப் பழக்கங்களைக் கைவிட்டோம். மீதியிருந்தவை இரண்டே இரண்டு: சேர்க்கைப் பதிவேட்டின் அச்சு வடிவம், தமிழ் அகர வரிசை. முதலாவதை அறிக்கையாகவும் அச்சு வார்ப்புருவாகவும் செய்துகொண்டோம். இரண்டாவது இன்னும் காத்திருக்கிறது. மூல நிரலில் ஒரு வரியும் தொடவில்லை.

அறிக்கை என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல், விதி 215 நூலக இருப்புச் சரிபார்ப்பைப் பற்றியது. இருபதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். இருபதாயிரத்துக்கு மேல் ஐம்பதாயிரம் வரை என்றால் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். படிக்கவும் பார்க்கவும் கொடுக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து என்ற அளவில் ஓராண்டில் நேரும் இழப்பை ஏற்கலாம். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எழுதி வாங்க வேண்டும் என்ற தரப்பினர் முதலில் சுட்டிய காரணமே இந்த விதிதான்: நியூசிலாந்தில் எழுதிய மென்பொருளுக்கு நம் விதி எப்படித் தெரியும் என்றார்கள். கோஹாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதன் சரிபார்ப்புக் கருவியில், அலமாரி அலமாரியாக ஸ்கேன் செய்த பார்கோடுகளின் கோப்பை ஏற்றினால், இல்லாத நூல்களை அது பிரித்துக் காட்டுகிறது. தொலைந்ததாகக் குறிக்கப்பட்டவற்றில் விலை ஆயிரத்துக்கு மேற்பட்டவை எவை என்பதை தரவுத்தளத்தில் வேண்டியதைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல்-இல் நான்கு வரி அறிக்கை எழுதி எடுத்துவிடுகிறோம். நாளை அந்த ஆயிரத்தை இரண்டாயிரமாக உயர்த்தி அரசு ஆணை வந்தால், அறிக்கையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். எங்கள் பழைய மென்பொருளில் இதே மாற்றத்துக்கு, காணாமற்போன நிறுவனத்தை நாங்கள் தேடிக்கொண்டிருப்போம்.

நிரலிலேயே கைவைத்து மாற்றிக்கொண்ட நூலகங்களும் உண்டு. அவர்கள் அடுத்த பதிப்புக்குப் போக முடியாமல் ஐந்தாறு ஆண்டு பழைய பதிப்பிலேயே நின்றுவிடுகிறார்கள்; பாதுகாப்புத் திருத்தங்களும் அவர்களைச் சென்றடைவதில்லை. ஆயத்த மென்பொருளை வாங்கி, அது ஆயத்தமாக இருந்ததன் பயனையே அழித்துவிடும் இந்தத் தவறு பெரிய அரசுகளையும் விட்டதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் தன் சம்பளக் கணக்கைப் புதிய முறைக்கு மாற்றியது. அடித்தளமாக இருந்தவை சாப், வொர்க்பிரெயின் என்ற ஆயத்த மென்பொருள்கள். ஆனால் துறையின் சம்பள விதிகளோ பல்வேறு ஒப்பந்தங்களும் படிகளும் பின்னிப் பிணைந்தவை. விதிகளை எளிமையாக்காமல் மென்பொருளையே அவற்றுக்கேற்ப வளைத்தார்கள். செவிலியர் உள்ளிட்ட பல்லாயிரம் ஊழியர்களில் சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடுதலாகப் போனது. 2013-இல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தபோது, அதைச் சரிசெய்யும் மொத்தச் செலவு ஏறத்தாழ 120 கோடி ஆஸ்திரேலிய டாலராகும் என்ற கணக்கு முன்னிருந்தது. எங்கள் முப்பத்தொரு கோரிக்கைப் பட்டியலைக் கையில் பிடித்திருந்த நாள்களில் அந்த அறிக்கையைப் பற்றி நான் குழுவில் பேசினேன். நூலகத்துக்கும் சம்பளக் கணக்குக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம். ஆனால் நம் பழக்கத்தில் எது விதி, எது வெறும் வழக்கம் என்று முதலில் பிரிக்காமல் மென்பொருளை வளைக்கப் புறப்படுவது இரண்டு இடத்திலும் ஒரே தவறுதான்.

மற்ற ஆயத்த மென்பொருள்களையும் பார்த்தோம். காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காக உருவாக்கிய சோல் 2000-இல் தொடங்கி, 2009-இல் இரண்டாம் பதிப்பும் 2021-இல் மூன்றாம் பதிப்பும் கண்டது. அதன் திரைகள் நம் கல்லூரிப் பணிமுறைக்கு நெருக்கமானவை. தமிழ்நாட்டில் அதை அறிந்தவர்களும் பலர். தேசிய தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா அரசு நூலகங்களுக்கு இலவசம். அதன் நான்காம் பதிப்பை மையத்தின் மேகக் கணினியிலேயே வைத்துத் தருகிறார்கள், ஆகவே சர்வர் வாங்கவும் பராமரிக்கவும் வேண்டியதில்லை. ஒரே நூலகர், அவருக்குக் கணினித் துணை யாரும் இல்லை என்ற நிலையிலுள்ள பள்ளிக்கோ சிறு அலுவலக நூலகத்துக்கோ நான் கோஹாவைப் பரிந்துரைக்க மாட்டேன், இ-கிரந்தாலயாவையே சொல்வேன். எங்களிடம் லினக்ஸ் தெரிந்த ஒருவர் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தார், தரவு எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. அதனால்தான் கோஹா.

செலவைப் பற்றி ஒரு தெளிவு தேவை. உரிமத்துக்குப் பணம் இல்லை என்பதால் கோஹா இலவசம் என்று மேலிடத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குபவர்கள் பின்னால் வருந்துவார்கள். சர்வர், யூபிஎஸ், பார்கோடு ஸ்கேனர், தரவு மாற்றம், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஆகிய அனைத்துக்கும் செலவு உண்டு. விலையில்லாத பொருளை டெண்டரில் எப்படி வாங்குவது என்று எங்கள் கணக்குப் பிரிவு கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் மென்பொருளை வாங்கவில்லை; நிறுவுதல், தரவு மாற்றம், பயிற்சி, மூன்று ஆண்டு ஆதரவு ஆகிய சேவைகளை வாங்கினோம். மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுத் திறந்த மூல மென்பொருள் கொள்கை இதற்குத் துணை நின்றது. விலைப்புள்ளி தருபவர்கள் திறந்த மூல மென்பொருளையும் கருத வேண்டும், அதை விலக்கினால் காரணம் தர வேண்டும் என்று டெண்டரில் கேட்க அது வழிசெய்கிறது. பராமரிக்கும் நிறுவனம் நாளை விலகினாலும் வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். நிரலும் தரவும் எங்களிடமே இருக்கின்றன. பழைய ஒப்பந்தத்தில் இல்லாமற்போன அந்த ஒரு வரிக்கு இப்போது தேவையே எழவில்லை.

குறைகளில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். நூல் வாங்கும் பகுதி நம் ஊர் முறையோடு எளிதில் ஒட்டுவதில்லை. புத்தக விற்பனையாளர் பார்வைக்கு நூல்களைக் கொண்டுவந்து வைத்து, குழு தேர்ந்த பிறகு பில் போடும் நம் வழக்கத்துக்கு அதில் நேரான இடம் இல்லை. நாங்கள் தேர்வு முடிந்த பிறகே அதில் பதிகிறோம். இரண்டாவது, நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க இடும் பகுப்பெண். டியூவி, காங்கிரஸ் நூலகம் ஆகிய முறைகளின் எண்களைச் சரியாக வரிசைப்படுத்த கோஹாவில் தனி வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபடி எஸ். ஆர். ரங்கநாதன் உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புக்கு அப்படித் தனி வழி எதுவும் இல்லை. பொதுவான வரிசைமுறையைத்தான் நம்ப வேண்டும். எங்கள் பழைய நூல்களில் ஒரு பகுதி இன்றும் கோலன் எண்களோடுதான் இருக்கிறது. அவர் பிறந்த மண்ணிலிருந்தே யாராவது இதை எழுதிச் சேர்க்க வேண்டும். திறந்த மென்பொருள் என்பதால் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழ் அகர வரிசைக்கும் இதுவே வழி. தமிழ்நாட்டில் கோஹா வைத்திருக்கும் சில நூலகங்கள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒருவரை அமர்த்தினால், அது ஒருமுறை எழுதப்பட்டு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கும் சேர்ந்தே பயன்படும். எழுதி வாங்கும் செலவு முழுமையாகப் பொருள்படுவது இந்த இரண்டு வேலைகளுக்குத்தான் என்று நான் நம்புகிறேன். சில நூலகர்களோடு இதைப் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

இப்போது புதிய பதிப்பு வந்ததும் அதை நேராக ஏற்றுவதில்லை. தனிக் கணினி ஒன்றில் ஏற்றி, எங்கள் தரவோடு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகே கவுன்டருக்குக் கொண்டுவருகிறோம். மாதத்தின் முதல் வேலைநாளில் எல்லாப் பதிவுகளையும் மார்க் கோப்பாக இறக்கி இரண்டு வட்டுகளில் வைக்கிறோம். ஒன்று கணினிப் பிரிவில், மற்றொன்று என் அலமாரியில். அந்த வட்டோடு ஒப்பந்தத்தின் நகலும், கடவுச்சொற்கள் எழுதி முத்திரையிட்ட உறை ஒன்றும் இருக்கின்றன. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்த உறையை ஏழாவது இனமாக எழுதியிருக்கிறேன், பேனாவால்.